மதிப்பீட்டுக் குழுவும் மரப்பெட்டியும்

நோயை ஒழித்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. மருந்து கண்டுபிடித்தவர்கள், ஊசி கண்டுபிடித்தவர்கள், கொசுவைத் துரத்தித் துரத்தி அடித்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நோயைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று ஆதாரத்தோடு நிரூபித்த பெருமை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரே ஒரு குழுவுக்குத்தான் உண்டு. அந்தக் குழுவின் செயலாளர் அடியேன். ஈப்போ நகரத்துச் சிலிபினில் என் வீட்டு முன்கதவில் அந்தப் பதவியின் பெயர்ப்பலகை இன்றும் தொங்குகிறது. குழு கலைந்து பல காலம் ஆகிவிட்டது. பலகையைக் கழற்றச் சொல்லி எனக்கு எழுத்துபூர்வமான உத்தரவு எதுவும் வரவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு. எங்கள் ரப்பர் கம்பெனிக்கு ஈப்போவில் தலைமை அலுவலகம், வெளியே ரப்பரும் செம்பனையும், அதாவது எண்ணெய்ப்பனையும், வளர்ந்த மூன்று தோட்டங்கள். தோட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு ஒரு 'லேப்'. ரத்தம், சளி, சபையில் சொல்லக் கூசுகிற இன்னும் சிலவற்றை அங்கே சோதித்து, யாருக்கு என்ன நோய் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. லண்டனில் இருந்த இயக்குநர்களுக்குத் திடீரென்று ஒரு நல்லெண்ணம் வந்தது. 'மூன்று சோதனைக்கூடங்களின் திறன் என்ன, தேவை என்ன என்று மதிப்பிட்டு எழுதுங்கள். இல்லாததை வாங்கித் தருகிறோம்' என்று கடிதம் போட்டார்கள்.

உடனே குழு அமைக்கப்பட்டது. 'நோய்ச் சோதனைக்கூடத் திறன் மற்றும் தேவை மதிப்பீட்டு உயர்மட்டக் குழு' என்பது அதன் முழுப்பெயர். முதல் கூட்டம் முழுவதும் 'உயர்மட்ட' என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் சென்றது. இரண்டாம் கூட்டத்தில் அதைவிட முக்கியமான விவாதம்: தேநீரோடு பிஸ்கட்டா, உள்ளே கறி வைத்துப் பொரித்த கறிப்பாப்பா? கறிப்பாப் ஒருமனதாக வென்றது.

குழுவின் தலைவர் திரு. பஞ்சலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பெனியின் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் 'ஆலோசகர்' என்று திரும்பி வந்தவர். வாழ்நாளில் ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை என்பதால் மருத்துவ விஷயங்களில் அவருக்கு நடுநிலை இருந்தது. உறுப்பினர் ஜெயபாலன், கோலாலம்பூரில் 'நிர்வாகவியல்' பயிற்சி முடித்துச் சுடச்சுட வந்தவர். கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். அவர் எதிரில் தும்மினால் எவ்வளவு நேரம் தும்மினீர்கள் என்று சொல்லிவிடுவார். செயலாளராகிய எனக்கு டைப்ரைட்டர் அடிக்கத் தெரியும். டிரைவர் சீனி குழுவில் உறுப்பினர் அல்ல. ஆனால் கம்பெனியிடம் இருந்த ஒரே வேனை அவர்தான் ஓட்டினார். ஆகவே குழுவைச் சுமந்தவர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை.

இங்கே தோட்டத்து மரபு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'விசிட்' வருகிறது என்றால் வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து ஒரே நடைமுறைதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாலையோரக் கல்லுக்கும் அடிப்பார்கள். சாக்கடையை வாரி, மூக்கு ஒழுகும் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து, எழுந்து நடக்க முடிந்த நோயாளிகளை எல்லாம் தீம்பாருக்கு, அதாவது பால்மரக் காட்டுக்கு, ஓட்டிவிடுவார்கள். வருகிறவர் கண்ணில் குறை என்று ஒன்று பட்டுவிடக் கூடாது. பட்டால் குறைக்கு ஒன்றும் ஆகாது. அதைக் கண்ணில் பட வைத்தவனுக்கு வேலை போகும். குறையைக் கேட்டு எழுதிக்கொண்டு போவதற்கென்றே ஒரு விசிட் வரும் என்று அந்த மரபு கனவிலும் நினைத்ததில்லை. நாங்கள் 'என்ன இல்லை?' என்று கேட்கக் கிளம்பினோம். அவர்கள் 'இல்லை' என்ற சொல்லே எங்கள் காதில் விழாதபடி சுண்ணாம்பு கரைக்கக் கிளம்பினார்கள்.

முதலில் லகாட் என்ற ஊரைத் தாண்டிச் சுண்ணாம்புமலைத் தோட்டம். ஆஸ்பத்திரி வாசலில் மாலையோடு நின்றார் டிரசர் இளையதம்பி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், கம்பவுண்டர், லேப் நிபுணர் எல்லாமே டிரசர்தான். இவரும் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் தலைவருக்கு விழுந்த மாலை கொஞ்சம் கனமாக இருந்தது.

லேப் கண்ணைப் பறித்தது. மேசையில் வெள்ளைத் துணி. துணி மேல் மைக்ராஸ்கோப். அதன் கழுத்தில் செவ்வந்திச் சரம், நெற்றியில் சந்தனப் பொட்டு, பொட்டுக்கு நடுவில் குங்குமம். அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு கீறல். தலைவர் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இதிலை என்ன குறை இருக்கு, தம்பி?"

"ஒரு குறையும் இல்லை ஐயா. எல்லாம் வடிவா இருக்கு."

"மெஷின் வேலை செய்யுதோ?"

"வேலை குடுத்தால் செய்யும் ஐயா."

"ஒருக்காப் பாத்துக் காட்டும்."

இளையதம்பி குனிந்து ஒரு கண்ணை வைத்தார். ஜெயபாலன் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். "தெரியுது ஐயா, நல்லாத் தெரியுது!" என்றார் இளையதம்பி. கண்ணாடித் தகடு எதுவும் வைக்காமலே இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றால், தகடும் வைத்தால் என்னவெல்லாம் தெரியும் என்று ஜெயபாலன் வியந்து எழுதிக்கொண்டார். பிறகு தலைவரே குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஏதோ கறுப்பாய், கோடு கோடாய் அசையுது."

அது அவருடைய சொந்த இமை முடி. ஆனால் தலைவர் கண்டுபிடித்ததை மறுப்பது குழுவின் பணி வரம்பில் இல்லை. 'கிருமி ஒன்று நேரில் காணப்பட்டது' என்று பதிவு செய்தேன்.

அடுத்து நோயாளிகளை எண்ண வேண்டும். கட்டில்கள் எல்லாம் காலி; விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. "ஆரும் வருத்தம் எண்டு வாறதில்லையோ?" என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள், கதவோரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"வந்திருக்கேன்யா."

காளியம்மா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். விசிட்டுக்காக எல்லோரையும் தீம்பாருக்கு விரட்டியபோது இவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்திருந்தாளாம். கையில் மூடி போட்ட சின்னப் போத்தல்.

"எங்க ஊட்டுக்காரரு சளிங்கய்யா. அர்ச்சுனன்னு பேரு. செம்பனைக்கு மருந்தடிக்கிறவரு. மாசக் கணக்குல இருமலு. இப்ப ரெத்தமா வருது. டிரசரய்யா பூதக்கண்ணாடியில பாத்து ஒரு துண்டு எழுதிக் குடுத்தாத்தான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். துண்டு இல்லாமப் போனா வேலையும் இல்ல, லயத்து வீடும் இல்லன்னு கிராணி சொல்றாரு. பூதக்கண்ணாடிதான் இங்கயே இருக்குல்ல. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கய்யா."

அவள் சொன்னது முற்றிலும் சரி. துண்டில்லாமல் ஈப்போவுக்குப் போனால் அதற்குக் கம்பெனி அகராதியில் 'சொந்த விருப்ப விடுப்பு' என்று பெயர். ரத்தம் கக்கும் விருப்பம் உள்ளவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது அல்லவா?

"இப்ப வேண்டாம், பிள்ளை" என்றார் இளையதம்பி, குரலைத் தாழ்த்தி. "துடைச்சு, பொட்டு வைச்சு வைச்சிருக்கு. கமிட்டி போகட்டும். பாப்பம்."

ஜெயபாலன் எழுதினார்: நோயாளி ஒருவர்.

கமிட்டி போனது. நாங்கள் வேனில் ஏறும்போது ஒரு மரப்பெட்டியும் ஏறியது. இளையதம்பியே அதைக் குழந்தையைப் போல ஏந்தி வந்து நடு இருக்கைக்குக் கீழே வைத்தார். பின்னாலேயே காளியம்மா ஓடி வந்தாள்.

"டிரசரய்யா, கமிட்டிதான் கிளம்பிருச்சுல்ல! இப்பப் பாருங்க!"

"மெஷினும் கிளம்புது, பிள்ளை. நாளைக்கு மூங்கில் தோட்டத்திலை காட்டவேணும். அங்கை இருந்தது பழுதாகி எறிஞ்சாச்சு. ஆத்தோரத் தோட்டத்திலை மெஷினே இல்லை. மூண்டு இடத்துக்கும் இருக்கிறது இது ஒண்டுதான். விசிட் நாளிலை ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்கலாமோ?"

இந்த உரையாடல் என் காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் அன்றைய மதிப்பீடு முடிந்து கோப்பைக் கட்டிவிட்ட பிறகு விழுந்ததால், குழு கேட்டதாக அதைக் கருத முடியாது.

மறுநாள் மூங்கில் தோட்டம். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. தலைவர் கால் வைத்துக்கொள்ள அந்த மரப்பெட்டி மிகவும் தோதாக அமைந்தது.

"அய்யா, அதுமேல கால் வைக்காதீங்கய்யா. ஒடையிற சாமான்" என்றார் சீனி.

"என்ரை கால் என்ன அவ்வளவு கனமோ? நீர் றோட்டைப் பாத்து ஓட்டும்."

வாசலில் எங்களுக்கு மாலை விழுந்த நேரத்தில் பெட்டி பின்வாசல் வழியாக உள்ளே போனது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு லேப்புக்குள் நுழைந்தபோது, வெள்ளைத் துணி மேல் மைக்ராஸ்கோப் தயாராக இருந்தது. செவ்வந்திச் சரம் சற்று வாடியிருந்தது. பொட்டு அதே இடத்தில் இருந்தது. அடிப்பக்கத்துக் கீறலும் அதே இடத்தில் இருந்தது.

"பாத்தியா மச்சான்" என்று ஜெயபாலன் என் விலாவில் இடித்தார். "அதே மாடல், அதே பொட்டு, கீறல்கூட ஒரே மாதிரி. இதுக்குப் பேருதான் ஸ்டாண்டர்டைசேஷன். கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க லா."

தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பரவசம். "அதே கிருமி!"

இரண்டு தோட்டத்திலும் ஒரே கிருமி பரவியிருப்பதைக் கண்டுபிடித்த குழு என்ற பெயர் எங்களுக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. 'உங்களுக்கு என்ன தேவை?' என்று அங்கிருந்த டிரசர் பிச்சைமுத்துவிடம் கேட்டோம். "உங்க ஆசீர்வாதம் போதும்யா" என்றார். அதைத் 'தேவை: இல்லை' என்று எழுதினோம்.

இங்கேயும் கட்டில்கள் காலி. இங்கேயும் கதவோரத்தில் ஒரே ஒரு பெண். முழங்கால் வரை சேறு. செம்பனைக் காட்டைக் குறுக்கே கடந்து நடந்து வந்திருந்தாள். கையில் அன்றைக்குப் பிடித்த புதுச் சளி. முந்தின நாள் பார்த்த முகம் மாதிரி இருக்கிறதே என்று தலைவர் காதில் சொன்னேன்.

"தோட்டத்துச் சனம் எல்லாம் ஒரே சாடைதான். எழுதும்" என்றார்.

எழுதினேன்: நோயாளி ஒருவர்.

காளியம்மா இப்போது எங்களிடம் கேட்கவில்லை. நேரே பிச்சைமுத்துவிடம் போனாள். "அண்ணே, இந்தா, மெஷினு இருக்கு, நீங்க இருக்கீங்க, சளி இருக்கு. என்ன அண்ணே கொறச்சலு?"

பிச்சைமுத்து அவளை ஓரமாக இழுத்துப் போனார். "நீ சுண்ணாம்புமலை ஆளு. அந்தச் சளிய நான் இங்க பாத்தேன்னா எங்க தோட்டத்துக் கணக்குல நோய் ஏறிரும்லா. எங்க கிராணி என்னைத் தொலைச்சிருவாரு. இங்க நோயே இல்லன்னு இப்பத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்ப எங்க போயித்தான் பாக்குறது?"

"நாளைக்கு ஆத்தோரத் தோட்டத்துக்குப் போகுது. அங்க டிரசரு சன்னாசி. நல்ல மனுசன். போய்க் கேளு."

ஆத்தோரத் தோட்டம் தெலுக் ஆன்சன் சாலையில் தூரத்தில் இருந்தது. நடந்து போகிற தூரமில்லை. அதனால் சீனி ஒரு காரியம் செய்தார். காலையில் எங்களை ஏற்றிக்கொள்ள வருவதற்கு முன்பே சுண்ணாம்புமலை வரை போய், காளியம்மாவை வேனின் பின்பக்கத்தில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார். குழுவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அனுமதியில்லாமல் வாகனத்தைப் பயன்படுத்தியதற்காக அவர்மேல் நடவடிக்கை எடுத்திருப்போம்.

ஆக, அன்று ஒரே வேனில் மதிப்பீட்டுக் குழு, தலைவரின் காலடியில் மைக்ராஸ்கோப், பின்னால் நோயாளியின் சளி, எல்லாமே ஒன்றாகப் பயணம் செய்தன. ஒருங்கிணைந்த சுகாதாரச் சேவை என்று இப்போது கோலாலம்பூரில் பெரிய பெரிய மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அதை நாங்கள் அன்றே நடத்திக் காட்டிவிட்டோம்.

வழியில் பின்பக்கத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. சற்று நேரத்தில் இன்னொன்று.

"சீனி, வான் இருமுது" என்றார் தலைவர்.

"கார்புரேட்டருங்கய்யா" என்றார் சீனி.

ஆத்தோரத் தோட்டத்து லேப்பில் ஒரு கூடுதல் அழகு. கண்ணாடி அலமாரியில் வரிசையாகச் சிவப்புத் திரவம் நிறைந்த போத்தல்கள். சளியைத் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டினால்தான் காசநோய்க் கிருமி கண்ணுக்குத் தெரியும் என்று டிரசர் சன்னாசி விளக்கினார். போத்தல்களைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. எறும்புகள்கூட நாடி வரும் சோதனைக்கூடம் என்று ஜெயபாலன் பாராட்டினார்.

தலைவர் குனிந்து, அதே கிருமியை மூன்றாம் முறையாகச் சந்தித்து, நிமிர்ந்தார். கதவோரத்தில் காளியம்மா நின்றாள். நான் 'நோயாளி ஒருவர்' என்று எழுதத் தொடங்கினேன்.

"அய்யா, இன்னிக்குப் போன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். "அவரு ராவெல்லாம் உக்காந்துக்கிட்டே இருக்காரு. படுத்தா மூச்சு அடைக்குது. மூணு தோட்டமா இந்தப் பொட்டி பின்னாலயே வாரேன். பாத்துட்டு இல்லன்னாவது சொல்லுங்க, இருக்குன்னாவது சொல்லுங்க. பாக்காம மட்டும் அனுப்பாதீங்க."

அன்று காலைக் கறிப்பாப் நன்றாக இருந்திருக்க வேண்டும். தலைவருக்குக் கருணை பிறந்தது.

"சரி, செய்து காட்டும், சன்னாசி. லேப்பின்ரை திறனையும் நாங்கள் பாத்ததாய் இருக்கும்."

காளியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். சன்னாசி முகத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் போத்தலை வாங்கினார். தகட்டில் தடவினார். அலமாரியிலிருந்து சிவப்புத் திரவத்தை எடுத்து ஊற்றினார். கீழே ஸ்பிரிட் விளக்கைக் காட்டினார். லேப் முழுக்க மிட்டாய்க் கடை வாசம் கமகமவென்று எழுந்தது. சோதனைக்கூடத்தில் இவ்வளவு இனிய மணம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சன்னாசி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"என்ன தெரியுது?" என்றார் தலைவர்.

"ஒண்ணும்... தெரியலங்கய்யா."

"கிருமி இல்லை! எழுதும்." தலைவர் தம் பேனாவை எடுத்துச் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். ஜெயபாலன் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தி, சோதனை வேகம் திருப்தி என்றார்.

காளியம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். "அப்ப ரெத்தம் ஏன்யா வருது?"

"வெத்திலை போடுறவரோ?"

"போடுவாருங்க."

"அதுதான். வெத்திலையைக் குறைக்கச் சொல்லும்."

மதிய உணவுக்கு அதே சிவப்பில் ஐஸ் போட்ட சிரப்புத் தண்ணீர் வந்தது. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். கை கழுவப் போன இடத்தில் சன்னாசி பின்னாலேயே வந்தார்.

"சார், ஒரு விசயம். போத்தல்ல இருக்கிறது சாயம் இல்ல சார். ரோஸ் சிரப்பு. சாயம் தீந்து வருசக் கணக்காவுது. வெறும் போத்தலா இருந்தா விசிட்டுக்கு நல்லா இருக்காதுன்னு ஊத்தி வச்சேன். அந்தம்மா வந்து நிக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"சாயம் இல்லை என்று தேவையில் எழுதியிருக்கலாமே! அதைக் கேட்கத்தானே வந்தோம்?"

"எழுதினா விசிட் நாள்ல கொறை தெரிஞ்சிருமே சார்" என்றார் சன்னாசி, எனக்கு இதுகூடவா தெரியாது என்பது போல.

நியாயம்தான். தலைவரிடம் போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. தலைமைக் கிராணி கையெழுத்துப் போட்டபின் கிருமியே நேரில் வந்து நின்றாலும் அது இல்லாத கிருமிதான். இது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த விதி. மேலும், வாயில் சிரப்பின் இனிப்பு இருந்தது. கசப்பான பேச்சுக்கு அது நேரமில்லை.

அந்தக் காகிதத்தின் பலன் கைமேல் தெரிந்தது. 'நோய் இல்லை' என்று உயர்மட்டக் குழுவே சொல்லிவிட்டதால், சுண்ணாம்புமலைக் கிராணி மறுநாளே அர்ச்சுனனைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, மருந்தடிக்கும் டின்னை முதுகில் மாட்டி அனுப்பினாராம். இருமிக்கொண்டே போனானாம். இதை எங்களுக்குச் சொன்னவர் சீனி. சொல்லிவிட்டு, "தூ!" என்று ரோட்டோரத்தில் துப்பினார். பொது இடத்தில் எச்சில் துப்புவது சுகாதாரக் கேடு என்று ஜெயபாலன் அவரைக் கண்டித்தார்.

அறிக்கையை நான்தான் அடித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு புல்லரிக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கூடத்திலும் நல்ல நிலையில் ஒரு மைக்ராஸ்கோப் உள்ளது. ஒவ்வொரு சோதனைக்கூடத்துக்கும் ஒரு நோயாளிதான் வருகிறார். ஒரு கருவிக்கு ஒரு நோயாளி. திறனும் தேவையும் இப்படிச் சரிக்குச் சரி நிற்கிற தோட்டங்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. மூன்றிலும் ஒரே வகைக் கிருமிதான் காணப்பட்டது. அதுவும் சோதித்த நோயாளியிடம் இல்லை. ஆகவே புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. மாறாக, உள்ளது அதிகம். மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மிகையான இரண்டைத் திரும்பப் பெறலாம்.

லண்டனிலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. ஈப்போவில் ஒரு விருந்தும் நடந்தது. மூன்று டிரசர்களுக்கும் 'மாதிரிச் சோதனைக்கூடம்' என்று சட்டம் போட்ட நற்சான்றிதழ். சன்னாசி மட்டும் வயிற்றுவலி என்று வரவில்லை.

மிகையான இரண்டு மைக்ராஸ்கோப்பை எடுத்து வரச் சீனியை அனுப்பினோம். ஒன்றைத்தான் கொண்டு வந்தார். இன்னொன்று எங்கே என்று மூன்று டிரசர்களையும் விளக்கம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவேண்டியிருக்கிறது. கிடைத்த அந்த ஒன்றை, குழுவின் சாதனைக்கு நினைவுச் சின்னமாக, தலைமை அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். தலைவர் தம் கையாலேயே புதுப் பொட்டு வைத்தார்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு நாள் காலை, வரவேற்பறையில் இருமல் சத்தம். வெளியே வந்து பார்த்தேன். ஒரு பெண் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, ஆளே பாதியாகியிருந்தாள். கையில் அதே மாதிரி சின்னப் போத்தல். அதைப் பார்த்த பிறகுதான் காளியம்மா என்று தெரிந்தது.

"இங்கதான் இருக்கா இது" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

அர்ச்சுனனின் சளியை மறுபடியும் எடுத்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அர்ச்சுனனுக்குத்தான் கிருமி இல்லை என்று அப்போதே எழுதிக் கொடுத்தாயிற்றே, அம்மா" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அவரு செத்துட்டாருங்க. காட்டுலயே, மருந்து டின்னோடயே விழுந்துட்டாரு. கருமாதியும் முடிஞ்சிருச்சு." போத்தலைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். "இது என்னுது."

நான் சற்றுப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

"டிரசருகிட்டப் போனேன். மெஷின ஈப்போ ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, பாக்காமத் துண்டு எழுத மாட்டேன்னுட்டாரு. அதான் பஸ் ஏறி இங்கயே வந்துட்டேன். தொறந்து பாருங்க."

நிலைமையை விளக்கினேன். கண்ணாடிப் பெட்டியின் சாவி தலைவரிடம் இருக்கிறது. தலைவர், நோய்ச் சோதனைக்கூடங்களை மதிப்பிடுவது எப்படி என்று உரையாற்றக் கோலாலம்பூர் போயிருக்கிறார். சாவி இருந்தாலும் பார்த்துச் சொல்ல இங்கே டிரசர் இல்லை. டிரசர் இருந்தாலும் சாயம் இல்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"மூணு தோட்டத்துலயும் நான் இருந்தேன். இந்தப் பொட்டி இருந்துச்சு. நீங்களும் இருந்தீங்க. பாக்கத்தான வந்தீங்க? என்னத்தய்யா பாத்தீங்க?"

படிக்காதவள், மதிப்பீட்டு முறை அவளுக்குப் புரியாது. நான் கோபப்படவில்லை. அவளை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அறிக்கையை எடுத்து நிதானமாகச் சரிபார்த்தேன். சாவு ஒன்று நடந்திருக்கிறதே, எங்கேயாவது திருத்த வேண்டியிருக்குமோ என்று எனக்கு ஒரு கவலை. வெளியிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கருவி ஒன்று, நோயாளி ஒருவர். அர்ச்சுனன் செத்தும் எங்கள் கணக்கு கெடவில்லை. காளியம்மா அவன் இடத்துக்கு வந்து குழுவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.